தேர்வுத்தாளைக் கொடுத்தோம், கண்ணைப் பார்க்கவில்லை

நீலகிரியில் கூடலூர் பக்கம் ஒரு பணியர் பழங்குடிக் குடியிருப்பில் ஆறு மாதம் மாலை வகுப்பு எடுத்தேன். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலர் வேலை. பதினைந்து வயதுக்கு மேல், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் யாரும் சேரலாம். முடிவில் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு: வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று தலா 50.

தேயிலை பறித்துவிட்டு வரும் பெண்கள்தான் அதிகம். அதில் ஒரு அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கரும்பலகையில் எதை எழுதினாலும் முதலில் படித்துவிடுவார். நோட்டில் மட்டும் எழுத்து கோட்டுக்கு மேலும் கீழுமாக ஆடும். 'பயிற்சி போதாது' என்று நானும் எழுதி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தேர்வன்று வினாத்தாளை வாங்கியவர் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் கதவோரம் வெளிச்சத்துக்கு நகர்ந்தார். அப்புறம் தாளை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். "என்னக்கா?" என்றதற்கு, "ஒண்ணும் தெரியல டீச்சர்" என்றார். கண்காணிக்க வந்த ஆசிரியருக்கு என்ன தோன்றியதோ, தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அக்கா அதை மாட்டிக்கொண்டு, தேர்வு என்பதையே மறந்து முதல் கேள்வியைச் சத்தம் போட்டுப் படித்தார். அறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கும் என்று தெரிந்தும், ஆறு மாதமாக ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை.

இன்னொன்று மொழி. அவர்கள் வீட்டில் பேசுவது பணியர் மொழி, பாடப்புத்தகம் தமிழ். ஒரு வரியைத் தடுமாறாமல் வாசித்துவிட்டு "அப்படின்னா என்ன?" என்று கேட்பார்கள். இப்போதெல்லாம் படித்ததை அவர்கள் மொழியிலேயே சொல்லச் சொல்கிறேன். ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி எனக்கு மொழிபெயர்க்கிறாள். புரிந்ததா இல்லையா என்று வினாத்தாளைவிட அதில் நன்றாகத் தெரிகிறது.

* * *

மேலே எழுதியவரைப் போல நானும் வகுப்பு எடுக்கிறேன், எனக்கு வேறு மாதிரி அனுபவம். செங்கல்பட்டு மாவட்டம், இருளர் பழங்குடிக் குடும்பங்கள், முக்கால்வாசிப் பேர் செங்கல் சூளைக்குப் போய் வருபவர்கள். எங்களுக்கு முன்னால் வேறு ஆட்கள் எடுத்த பட்டியலில் பெரியவர் ஒருவர் 'கையெழுத்துப் போடுவார், கற்றவர்' என்று இருந்தார். எங்கே போடுங்கள் பார்ப்போம் என்றேன். பெயரின் கடைசி எழுத்தில் ஆரம்பித்து, வலமிருந்து இடமாக வந்து முடித்தார். சுத்தமான படம்! அவர் மகள் பெயரிலும் அதே இரண்டு எழுத்து உண்டு. அதை எழுதச் சொன்னால் முழித்தார்.

அவருக்கு அ, ஆவில் ஆசையே இல்லை. சூளையில் வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, இன்னும் எவ்வளவு நிற்கிறது, அதுதான் வேண்டும். சரி என்று எண்ணிலிருந்தே ஆரம்பித்தோம். 'பற்று', 'வரவு', 'மீதி' மூன்றும்தான் அவர் முதலில் படித்த வார்த்தைகள். முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைத்து வேலை வாங்குவதைத் தடுக்கும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும் கணக்கு நோட்டு இன்னும் மேஸ்திரி கையில்தான் இருக்கிறது.

* * *

நான் இருளர் வீட்டுப் பையன். ஒரு விஷயம் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எல்லாம் வாசலில் நின்று, நாலு பேர் பார்க்க, "எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்கிறீர்கள். எங்கம்மா ஒவ்வொரு தடவையும் "தெரியாது" என்றுதான் சொல்லும். தெரியும் என்றால் உடனே ஒரு தாளை நீட்டிப் படிக்கச் சொல்வார்கள் அல்லவா? என் பள்ளிப் புத்தகத்தை வைத்தே எழுத்துக் கூட்டப் பழகிய ஆள் அது. நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறினால் வங்கியிலிருந்து வரும் மெசேஜை எனக்கு முன்னால் பார்த்துவிடும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு எழுத்தறிவு 80.1 சதவீதம், பழங்குடிகளுக்கு 54.3 என்று போட்டார்கள். அந்த 54.3-இல் எங்கம்மா இல்லை.

* * *

முதலில் எழுதியது நான்தான். கூடலூர் அக்கா என்ன ஆனார் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தேறிவிட்டார். சான்றிதழைக் கையில் கொடுத்ததும் புதுக் கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் பார்த்தார். பூரிப்பு என்று நினைத்தேன். "டீச்சர், என் பேருல பெரிய ள வரணும், இதுல சின்ன ல இருக்கு" என்றார். சேர்க்கும்போது பெயரைப் பதிந்தது நான்தான். திருத்தக் கேட்டு மனு எழுத வேண்டும். அவரையே எழுதச் சொல்லியிருக்கிறேன், பாதி முடித்திருக்கிறார்.