டைல்ஸ் சுவரில நப்கின் தொட்டி நிக்குதில்லை

கிளிநொச்சி, ஏ9 வீதியோரப் பொது மலசலகூடம், பெண்கள் பக்கம். ஆவணியில் சுவரில பூட்டின ஸ்டெயின்லெஸ் நப்கின் தொட்டி, ஐப்பசி மழையோட ஆடத் தொடங்கி, இப்ப மேல் ஆணி இரண்டும் பிளக்கோட (ஆணியைப் பிடிக்கச் சுவர் ஓட்டைக்குள்ள போடுற பிளாஸ்டிக் உறை) கழண்டு வருது.

சுவர் 4 அங்குலப் பொள் (உள்ள வெறுமையான) சீமெந்துக் கல், மேல டைல்ஸ். 6 மி.மீ. பிளக்கை 8 ஆக்கிப் பாத்தாச்சு. பிளக் விரியேக்க கல்லின்ர மெல்லிய ஓடுதான் உடையுது. எபொக்சி விட்டால் பொள்ளுக்குள்ள விழுந்துடுது. ஈர டைல்ஸில ஒட்டு ரேப், சொல்லவே வேண்டாம். குளோரின் போட்டுக் கழுவுறதில கீல் துருப்பிடிச்சு இறுகிட்டுது. மூடியை இழுத்துத் திறக்கினம், அந்த இழுவை முழுக்க மேல் ஆணியில. நிலத்தில வைக்கேலாது, கழுவுற தண்ணி உள்ள போகும். தொட்டி இல்லாட்டி எல்லாம் கொமட்டுக்குள்ள, பிறகு குழாய் அடைப்பு.

சுவருக்கு மறுபக்கம் களஞ்சிய அறை. வலைக்குழாயோட கெமிக்கல் அங்கரோ (வலைக்குழாய்க்குள்ள பசை விட்டு ஆணியை இறுக வைக்கிறது), ஊடுருவப் போல்ட் போட்டு மறுபக்கம் தகடோ, இந்தச் சுவரில எது நிலைக்கும்?