இரண்டும் வெள்ளை மாத்திரை

நாகலூர் காப்பிக்காரன்:
ஏற்காட்டில் மழை விட்ட மறுநாள், தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வயது 71. இருபது கொண்டை ஊசி வளைவிலும் "மெதுவா, மெதுவா" என்று டிரைவரிடம் கெஞ்சிக்கொண்டே சேலம் வந்து சேர்ந்தோம்.

எனக்கு இருந்த பயமெல்லாம் ஆபரேஷனில் பிரஷர் ஏறிவிடுமோ என்பதுதான். அவருக்கு எப்போதும் 150/90. நாலு வருஷத்துக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வேறு வைத்திருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் மயக்க டாக்டர் வந்து, "டெல்மிசார்டன் இனிமே வேண்டாம். மெட்டோப்ரோலால் மட்டும் காலையில ஒரு வாய் தண்ணியில கொடுத்துடுங்க" என்றார். முதலாவது பிரஷரை இறக்குகிற மாத்திரை, இரண்டாவது நாடியை மெதுவாக்கி இதயத்தைக் காக்கிற மாத்திரை. நான் அம்மாவிடம் போய், "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை வேண்டாம்மா" என்றேன். இரண்டுமே சின்ன வெள்ளை மாத்திரை. அம்மா எதை நிறுத்தினார் என்று இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் சார்ட்டைக் காட்டினார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை மேல் அழுத்தத்துக்கு ஒரு அம்புமுனை, கீழ் அழுத்தத்துக்கு ஒன்று. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்ட பிறகு இரண்டும் சறுக்குமரத்தில் இறங்குவது மாதிரி இறங்கி 88/48. நாடித்துடிப்புப் புள்ளிகள் மட்டும் ஏறி 118. "காலையில எந்த மாத்திரை கொடுத்தீங்க?" என்று கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

தியேட்டர் டெக்னீஷியன், சேலம்:
அண்ணா, உங்களைப் போல நிறைய பேர் வருகிறார்கள். பிரஷர் ஏறுவதைத்தான் எல்லோரும் பயந்து கேட்பார்கள். தியேட்டருக்குள் எங்களை ஓடவைப்பது பெரும்பாலும் இறங்குகிற பிரஷர். முதுகு ஊசியில் இடுப்புக்குக் கீழே ரத்தக்குழாய்கள் தளர்ந்துவிடும், டெல்மிசார்டனும் சேர்ந்தால் இன்னும் சரியும். 88/48-க்குச் சராசரி அழுத்தம் 61 (கீழ் அழுத்தத்தை இரண்டு தடவை கூட்டி மூன்றால் வகுக்கணும்). 65-க்குக் கீழே போனாலே டாக்டர் முகம் மாறிவிடும். உங்கள் அப்பாவுக்கு வீட்டில் இருந்த 150/90-க்குச் சராசரி 110, இது கிட்டத்தட்ட அதில் பாதி.

இதயம் துடித்து முடித்து ஓய்கிற இடைவெளியில்தான் அதன் இடப்பக்கச் சுவருக்குப் பெரும்பாலான ரத்தம் போகிறது. நாடி 118 என்றால் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. தள்ளுகிற அழுத்தமும் இல்லை. இரண்டு பக்கமும் அடி. இப்படி ஒரு கேஸில் நான் பழக்கதோஷத்தில், பிரஷரோடு நாடியையும் ஏற்றுகிற மெஃபன்டர்மினை எடுத்தேன். "நாடி ஏற்கெனவே ஓடுது, அது வேண்டாம்ப்பா, ஃபினைல்எஃப்ரின் எடு" என்றார் டாக்டர். அது பிரஷரைத் தூக்கும், நாடியைக் கொஞ்சம் இறக்கும்.

அம்மாப்பேட்டை அக்கா:
எங்கள் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். அன்று காலை 190/112 என்று தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். லீவு போட்டு வந்த என் வீட்டுக்காரர் கத்தித் தீர்த்துவிட்டார். இப்போதுதான் புரிகிறது. ஒரு சந்தேகம் தம்பி, மெட்டோப்ரோலால் இதயத்துக்கு நல்லது என்றால், ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் ஒன்று கொடுத்துவிடலாமே?

தியேட்டர் டெக்னீஷியன், சேலம்:
அதையும் செய்து பார்த்தார்கள் அக்கா. 8,000 பேருக்கு மேல் சேர்ந்த பாய்ஸ் ஆய்வு, 2008-இல் வந்தது. ஆபரேஷன் அன்றைக்குப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது. பக்கவாதமும் சாவும் கூடிவிட்டன. ஏற்கெனவே சாப்பிடுகிறவர் நிறுத்தக்கூடாது, சாப்பிடாதவருக்கு அன்றைக்குத் திடீரென்று தொடங்கவும் கூடாது. எது நிற்கணும், எது தொடரணும் என்று டாக்டரையே காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நாகலூர் காப்பிக்காரன்:
அப்பாவுக்கு நெஞ்சு வலியே இல்லை. ஆனாலும் அடுத்த இரண்டு நாளும், இதயம் அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற ட்ரோபோனின் அளவைப் பார்த்தார்கள். வலி மருந்து ஓடும்போது இதயம் அடிபட்டாலும் வலி தெரியாமல் போகலாமாம். முதல் நாள் லேசாக ஏறியிருந்தது, அப்புறம் இறங்கிவிட்டது. இப்போது வாக்கரோடு வாசல்வரை நடக்கிறார், மிளகு பறிக்க ஆள் வந்தார்களா என்று விசாரிக்கிறார்.

அம்மா மெட்டோப்ரோலால் அட்டையின் மேல் மஞ்சள் தடவி வைத்திருக்கிறார். நான் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். "உன் எழுத்து வேண்டாம் சாமி" என்று சொல்லிவிட்டார்.