ஜனவரியில் 38 பறவை, மே மாதம் 17: என் வயலில் என்ன கோளாறு?

செம்மண்காரன்: வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர். கண்மாய் பெருகினால்தான் நடவு. மூன்று வருடமாகக் கருப்பு கவுனி போடுகிறேன், பூச்சி மருந்தே கிடையாது. அரிசி வாங்கும் சென்னைக்காரர் இப்போது "பல்லுயிர்ச் சான்று (வயலில் பல வகை உயிர்கள் வாழ்கின்றன என்று காட்டும் தாள்) இருந்தால் விலை கூட்டித் தருகிறேன்" என்கிறார். சரி, முதலில் நாமே எண்ணிப் பார்ப்போம் என்று ஜனவரியில் இரண்டு நாள் விடியற்காலையில் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் நடந்தேன். 38 வகைப் பறவை. மே மாதம் ஒரு நாள் மத்தியானம் போனால் 17தான். தரையில் ஊரும் பூச்சிகளை விழவைத்து எண்ண, மண்ணில் ஐந்து பேப்பர் கப் புதைத்து வைத்தேன், ஓர் எறும்புகூட விழவில்லை. ஒரு நிறுவனம் நேரில் வராமலே சான்று தருகிறதாம், பணம் கட்டினால் போதுமாம். கட்டலாமா?

கண்மாய்க்கரை: அண்ணே, வயலில் கோளாறு இல்லை, எண்ணியதில்தான். ஜனவரியில் மஞ்சள் வாலாட்டி, சூறைக்குருவி எல்லாம் வலசை வந்திருக்கும், மே மாதம் அவை இங்கே ஏது? வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கே மே மாதம் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். அதோடு விடியற்காலை இரண்டு நாளையும் உச்சி வெயிலில் ஒரு நாளையும் ஒப்பிடவே கூடாது. ஜனவரியை அடுத்த ஜனவரியோடு பாருங்கள்: அதே வரப்பு, அதே நேரம், அதே நிமிடக் கணக்கு. ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் தேதியும் நேரமும் பதிவாகிவிடும். இன்னொன்று, கண்மாயில் நிற்கும் நத்தைகுத்தி நாரையை வயல் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனிப் பட்டியல். கப் விளிம்பு எப்படி இருந்தது?

செம்மண்காரன்: மண்ணுக்கு மேலே ஒரு விரல் அளவு நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்கிவிடுமோ என்று பயம்.

கண்மாய்க்கரை: அதுதான் விஷயம்! ஊர்ந்து வருகிற வண்டு அந்த விளிம்பில் முட்டித் திரும்பிவிடும். மண் மட்டத்துக்குச் சரியாக இறக்குங்கள். மழைத் தண்ணீர் விழாமல் இருக்க, மேலே ஓர் ஓட்டுத் துண்டை இரண்டு கல்லில் தூக்கி வையுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி: தம்பி, வயலைப் பார்க்காமல் தருகிற தாளுக்குப் பணம் கட்டாதே. இயற்கை வேளாண்மைச் சான்று வேறு, பல்லுயிர் வேறு. இயற்கை வேளாண்மைச் சான்றில், ஏற்றுமதிக்கான என்பிஓபி ஆனாலும், குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் பிஜிஎஸ் ஆனாலும், முக்கியமாகப் பார்ப்பது நீ என்ன போட்டாய், என்ன தெளித்தாய் என்பதைத்தான். எத்தனை குருவி வந்தது என்று யாரும் எண்ண மாட்டார்கள். மலையில் காப்பி, தேயிலைக்கு ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் மாதிரி முத்திரை உண்டு, அதில் மரமும் காடும் கணக்கில் வரும். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிகளில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒன்று எழுத வேண்டும். அது சான்று இல்லை, ஆனால் உன் கவுனி விதையும் பட்டியலும் அதில் ஏறலாம். வாங்குகிறவரிடம் "எந்தச் சான்று, யார் தருவது?" என்று எழுத்தில் கேள். பாதிப் பேருக்கு அதுவே தெரியாது.

கண்மாய்க்கரை: ஆச்சி சொல்வது சரி. அப்புறம், மருந்து அடிக்கிற பக்கத்து வயலிலும் அதே நாளில் ஐந்து கப் புதையுங்கள். உங்கள் எண்ணிக்கை மட்டும் இருந்தால் அதை எதோடு ஒப்பிடுவது?

செம்மண்காரன்: விளிம்பை இறக்கினேன். ஒரே ராத்திரியில் ஐந்து கப்பிலும் சேர்த்து 14 வண்டு, 6 சிலந்தி, எறும்பு எண்ண முடியவில்லை. அந்த நிறுவனத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வயல் பெரியப்பாவிடம் கேட்டதற்கு, "வண்டு எண்ணவா இவ்வளவு படிச்சே?" என்று சிரித்தார். நாளைக்கு வந்து புதைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.