மெக்னீசியம்–சிலிக்கான் மாடலில் 2850 கெல்வினுக்கு மேல் திரவம் இரண்டாகப் பிரிகிறது, எங்கே தப்பு?

கெடிலக்கரை:
அடுத்த மாதம் காலாப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்று நாள் கால்ஃபாட் (வெப்ப இயக்கவியல் கணக்கால் கலவைகளின் கட்ட வரைபடம் வரையும் முறை) பயிலரங்கு நடத்துகிறோம். ஆராய்ச்சி மாணவர்களும் ஆசிரியர்களுமாக இருபது பேர், பாதிப்பேர் கடலூர், சிதம்பரம் பக்கம். பைகால்ஃபாட் (வரைபடம் கணக்கிடும் மென்பொருள்), எஸ்பெய் (அளவுரு கண்டுபிடிக்கும் மென்பொருள்) இரண்டையும் வைத்து ஒரு பைனரியை (இரு தனிமத் தொகுதியை) முதலிலிருந்து அவர்களே மதிப்பிட வேண்டும் என்பது திட்டம். மெக்னீசியம்–சிலிக்கானை எடுத்திருக்கிறோம். சேர்மம் ஒன்றே ஒன்று (மெக்னீசியம் சிலிசைடு), இரண்டு முனையிலும் திண்மக் கரைதிறன் இல்லையென்றே சொல்லலாம். எனவே திரவத்துக்கும் சேர்மத்துக்கும் மட்டும் அளவுரு கண்டுபிடித்தால் போதும்.

ஒத்திகையில் இரண்டு சிக்கல்.

ஒன்று: திரவத்தின் ரெட்லிக்–கிஸ்டர் தொடரில் (கலப்பின் மிகை ஆற்றலைச் சொல்லும் சமன்பாடு) பூஜ்ய வரிசைக் கெழு −1,10,000 + 55×டி என்று வந்தது (டி என்பது கெல்வினில் வெப்பநிலை). யூடெக்டிக்குகள் (கலவை மிகக் குறைந்த சூட்டில் உருகும் புள்ளிகள்; 638, 946 செல்சியஸ்), சேர்மம் உருகும் 1085 எல்லாம் கிட்டத்தட்ட சரி. ஆனால் வரைபடத்தை 3000 கெல்வின் வரை நீட்டினால் மேலே திரவம் இரண்டாகப் பிரிகிறது.

இரண்டு: இன்னொரு குழு சேர்மத்தின் உருவாக்க என்டால்பியை (தனிமங்களிலிருந்து உருவாகும்போதான வெப்ப மாற்றம்) டிஎஃப்டி (குவாண்டம் இயற்பியல்) கணக்கிலிருந்து எடுத்து −17,000 என்று இட்டது. அவர்கள் வரைபடத்தில் சேர்மமே காணோம். ஃபைல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடுகிறது.

பாகூர்:
முதல் சிக்கல் இந்தத் தொகுதிக்குப் பேர்போனது. மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம், அது கொடுத்த கெழுவைத்தான் வரைந்திருக்கிறது.

ஐம்பதுக்கு ஐம்பது கலவையில் பூஜ்ய வரிசைக் கெழு 2×8.314×டி-யைத் தாண்டினால் கரைசல் பிரியும். அதாவது டி-யோடு பெருகும் எண் 16.63-க்கு மேல் போனாலே, முதல் எண் எவ்வளவு பெரிய மைனஸாக இருந்தாலும் எங்கோ ஒரு வெப்பநிலையில் பிரிந்தே தீரும். உங்களுடையதற்கு 1,10,000 ÷ (55 − 16.63) = சுமார் 2867 கெல்வின். படத்தில் பார்ப்பதும் அதுதான்.

என்ட்ரோபியையும் பாருங்கள். நடுவில் மிகை என்ட்ரோபி (இலட்சியக் கலப்பிலிருந்து விலகும் பங்கு) −55/4, அதாவது −13.75. இலட்சியக் கலப்பு தருவது 5.76 மட்டுமே. மொத்தக் கலப்பு என்ட்ரோபி −8 ஜூல்/மோல்·கெல்வின் ஆகிவிடுகிறது. உருகுநிலைக்கு அருகில் திரவத்தில் சிலிசைடு மாதிரியான குறுந்தூர ஒழுங்கு (பக்கத்து அணுக்களுக்குள் மட்டும் இருக்கும் ஒழுங்கு) இருப்பதால் என்ட்ரோபி குறைவது நியாயம். ஆனால் நேர்கோட்டுச் சமன்பாடு அந்த ஒழுங்கை 3000 கெல்வினுக்கும் தூக்கிக்கொண்டு போகிறது. நிஜத்தில் அது சூட்டில் கலைந்துவிடும்.

‘மெக்னீசியம் 1090 செல்சியஸிலேயே கொதித்துவிடும், 2850 கெல்வினில் திரவம் எப்படிப் போனால் என்ன’ என்று யாராவது கேட்பார்கள். அலுமினியத்தைச் சேர்த்து மும்மைத் தொகுதிக்குப் போகும்போது இந்தப் பிரிவு வேலை செய்யும் வெப்பநிலைக்கே இறங்கி வரலாம். 6000 வரிசை அலுமினியக் கலவைக்காகத்தான் பெரும்பாலானோர் இந்தப் பைனரியைத் தொடுகிறார்கள்.

சரிசெய்ய இரண்டு வழி. திரவத்தின் கலப்பு என்டால்பி அளவீடுகளைத் தரவில் சேருங்கள். கட்ட எல்லைகளை மட்டும் கொடுத்தால் முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் ஓடும். அதற்கும் அடங்காவிட்டால் 2004-இல் காப்டாய் முன்வைத்த அடுக்குக்குறி வடிவம்: கெழு = எச் × எக்ஸ்ப்(−டி/3000). 1200 கெல்வினில் உங்கள் கெழு −44,000. அதே மதிப்பு வர எச் சுமார் −65,600. டி ஏற ஏறக் கெழு பூஜ்யத்தை நோக்கிப் போகுமே தவிர பிளஸ் ஆகாது. எஸ்பெய் இந்த வடிவத்தைத் தானாக உருவாக்காது. டிடிபி ஃபைலில் (அளவுருக்கள் எழுதும் தரவுக் கோப்பு) கையால் எழுதி, எச்-க்கு விவி0000 மாதிரி விவி-யில் தொடங்கும் பெயர் வைத்தால் எம்சிஎம்சி (எஸ்பெயின் சீரற்ற மாதிரித் தேடல் படி) அதை மாற்றிப் பார்க்கும்.

உப்பனாற்றுவாசி:
இரண்டாவது சிக்கல் மூன்றால் பெருக்க மறந்தது. டிஎஃப்டி எண் ஒரு அணுவுக்கு. டிடிபி-யில் சேர்மத்தின் கிப்ஸ் ஆற்றல் ஒரு வாய்பாட்டுக்கு, அதாவது இரண்டு மெக்னீசியம் ஒரு சிலிக்கானுக்கு. −17,000 என்றால் அங்கே −51,000 இட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் கொடுத்தால் திரவத்தோடு போட்டி போட முடியாமல் சேர்மம் மறையும். (எலக்ட்ரான்வோல்ட்டில் இருந்தால் முதலில் 96.485-ஆல் பெருக்கிக் கிலோஜூலாக்குங்கள்.) டிஎஃப்டி 0 கெல்வின், டிடிபி 298.15 கெல்வின் என்ற வேறுபாட்டையும் கேட்பார்கள். இந்தப் பிழைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

பழைய கட்டுரைகளிலிருந்து கெழு எடுத்தால் வரிசையைப் பார்க்கவும். ஆசிரியர் சிலிக்கானை முதலில் வைத்திருந்தால், அகர வரிசைப்படி மெக்னீசியத்தை முதலில் எழுதும்போது ஒன்று, மூன்று ஆகிய ஒற்றை வரிசைக் கெழுக்களின் குறியைத் திருப்ப வேண்டும். பூஜ்யமும் இரண்டும் மாறாது. இதுவும் பிழை காட்டாது, யூடெக்டிக் மட்டும் பக்கம் மாறி நகரும்.

தனிமங்களின் ஆற்றலுக்கு 1991-இல் டின்ஸ்டேல் தொகுத்த எஸ்ஜிடிஇ அமைப்பின் மதிப்புகளையே எல்லோரும் வைக்கட்டும். ஒருவர் வேறு மூலத்திலிருந்து எடுத்தாலும் மற்றவர் ஃபைலோடு சேர்க்க முடியாது.

கெடிலக்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. மூன்றுதான்! அந்தக் குழுவின் ஃபைலில் −51,000 இட்டதும் சேர்மம் வந்துவிட்டது. முதல் நாள் டிஎஸ்சி-யில் (மாதிரியைச் சூடாக்கி அது வெப்பத்தை எங்கே உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி) மெக்னீசியம் பக்க யூடெக்டிக்கைக் காட்டலாம் என்று நினைக்கிறோம். அலுமினா கிண்ணம் போதுமா? எம்சிஎம்சி-யை வகுப்பிலேயே ஓட்டலாமா?

முத்தியால்பேட்டை:
அலுமினா வேண்டாம் சார். உருகிய மெக்னீசியம் அலுமினாவையும் குவார்ட்ஸையும் ஒடுக்கிவிடும். குவார்ட்ஸில் இன்னும் மோசம்: சிலிக்கானை அதுவே இழுத்து மெக்னீசியம் சிலிசைடு செய்துகொள்ளும், நீங்கள் எடைபோட்ட கலவை கையைவிட்டுப் போகும். கிராஃபைட் அல்லது எஃகுக் கிண்ணம், மூடியோடு. 2 எடை சதவீதச் சிலிக்கான் போதும், யூடெக்டிக் 1.34-இல்தான். 20 மில்லிகிராம், நிமிடத்துக்கு 10 கெல்வின், ஆர்கான் ஓட்டம். 700 செல்சியஸோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் ஆவி பறந்து சென்சாரில் படியும்.

நம்ம கடற்கரைக் காற்றில் மெக்னீசியத் துருவலை முந்தின நாள் எடுத்து வைக்கக் கூடாது. அன்று காலையே அரத்தால் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, வெற்றிட டெசிக்கேட்டரிலிருந்து நேராக எடைக்கு. மேற்பரப்பு பளபளப்பு இழந்திருந்தால் மறுபடி தேய்க்கவும். துத்தநாகம் 419.5, அலுமினியம் 660.3 இரண்டையும் அதே வேகத்தில், அதே வகைக் கிண்ணத்தில் ஓட்டி அளவீட்டைத் திருத்துங்கள். சூடாக்கும்போது வரும் தொடக்கப் புள்ளியைத்தான் எடுக்க வேண்டும். குளிரும்போது மீக்குளிர்ச்சியால் எண் கீழே போகும்.

எம்சிஎம்சி-யை வகுப்பில் ஓட்ட வேண்டாம். அளவுரு உருவாக்கும் படி சீக்கிரம் முடியும், அதை மட்டும் செய்ய விடுங்கள். எம்சிஎம்சி-யை முன்கூட்டியே ஓட்டி, அதன் சங்கிலிக் கோப்பைக் கொடுத்தால் படம் வரைந்து பார்த்துக்கொள்வார்கள். யாராவது விண்டோஸ் லேப்டாப்பில் ஓட்டியே ஆக வேண்டுமென்றால் எஸ்பெய் அமைப்பில் ஷெட்யூலரை (வேலையைப் பல கோர்களுக்குப் பிரிக்கும் அமைப்பு) நல் ஆக்கி ஒற்றைக் கோரில் ஓட்டச் சொல்லுங்கள். பிழைச் செய்தியாவது படிக்கும்படி வரும். இருபது பேரும் ஒரே வைஃபையில் காண்டா (மென்பொருள் நிறுவும் தொகுப்பு) இறக்கினால் காலை அமர்வு அதிலேயே போய்விடும், பென்டிரைவில் கொடுத்து விடவும்.