எட்டு மாசப் பாப்பாவுக்கு சாயங்காலத் தூக்கத்தை நிறுத்திடலாமா?

தறிவீட்டு அம்மா, அம்மாப்பேட்டை:

எல்லாருக்கும் வணக்கம். சேலம் அம்மாப்பேட்டைல இருக்கோம். முன்பக்கம் வீடு, பின்பக்கம் நாலு விசைத்தறி. பாப்பாவுக்கு எட்டு மாசம் முடியப் போகுது. பிறந்ததுல இருந்து தறிச் சத்தத்துலயேதான் தூங்குறா. சத்தத்துக்கு முழிக்க மாட்டா, கரண்ட் போய் தறி நின்னாத்தான் பொசுக்குன்னு கண்ணைத் திறப்பா.

காலைல 6 மணிக்குத் தறி ஓட்டும்போது எழுந்திரிப்பா. 8.30க்கு ஒண்ணேகால் மணி நேரம், 12க்கு ஒன்றரை மணி நேரம், 4.30க்கு ஒரு குட்டித் தூக்கம். அஞ்சு மாசத்துல இருந்து இப்படியே நல்லா ஓடுச்சு. இந்த மூணு வாரமா அந்தக் கடைசித் தூக்கம்தான் பெரிய பாடா இருக்கு. தூளில போட்டு முக்கால் மணி நேரம் ஆட்டுறேன். காலை வெளிய நீட்டிச் சேலையை உதைச்சுக்கிட்டே இருக்கா. கொலுசு முத்துச் சத்தம் அடங்கினா தூங்கிட்டான்னு கையை மெதுவா எடுப்பேன், உடனே திரும்ப ஜல்லுன்னு கேக்கும். கடைசில 5.30க்குத் தூங்கி 6.30க்கு எழுந்திரிக்கிறா. அப்புறம் ராத்திரி 11 மணி வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கா.

விளக்கு வைக்கிற நேரத்துல பிள்ளையைத் தூங்க விடாதேன்னு அத்தை சொல்றாங்க. தூங்குற பிள்ளையை எழுப்பாதேன்னு ஆத்தூர்ல இருந்து அம்மா போன்ல சொல்றாங்க. ரெண்டு நாள் தூங்க வைக்காம விட்டுப் பார்த்தேன். 6 மணிக்கு மேல காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, பால்கூடக் குடிக்காம ஒரே அழுகை. எனக்கும் அழுகை வந்துடுச்சு. என்ன பண்ணட்டும்?

கன்னங்குறிச்சி அக்கா:

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கும்மா. மூணு தூக்கம் ரெண்டாகுற வயசு இதுதான். பெரும்பாலும் ஆறுல இருந்து ஒன்பது மாசத்துக்குள்ள மாறும். ஆனா கடைசித் தூக்கத்தை மட்டும் வெட்டினா 1.30ல இருந்து ராத்திரி வரைக்கும் பிள்ளை எப்படித் தாங்கும்? முதல் ரெண்டையும் தள்ளணும். ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா 15 நிமிஷம் மட்டும் தள்ளுங்க. 8.30 மெல்ல 9 ஆகட்டும், 12 மெல்ல 1.30 ஆகட்டும். ராத்திரிக்கு 7 மணிக்குள்ள படுக்க வெச்சிடுங்க. இவ்வளவு சீக்கிரமான்னு வீட்டுல கேப்பாங்க, கேக்கட்டும்.

நடுவுல மதியத் தூக்கம் அரை மணி நேரத்துல முடிஞ்சுபோற நாள் வரும். அன்னிக்கு மட்டும் 4 மணி வாக்குல இருபது நிமிஷம் தூங்க விட்டு எழுப்பிடுங்க. என் சின்னவனுக்கு முழுசா மாற மூணு வாரம் ஆச்சு.

ஓய்வுபெற்ற நர்ஸ், ஓமலூர்:

கண்ணு, நீ எழுதினதைக் கூட்டிப் பார்த்தேன். ராத்திரி 7 மணி நேரம், பகல்ல மூணே முக்கால். பத்தே முக்கால்தான் வருது. 4ல இருந்து 11 மாசக் குழந்தைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து 12ல இருந்து 16 மணி நேரம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு. அதனால பகல்ல குறைச்ச நேரத்தை ராத்திரில சேர்த்துக் கொடுத்தே ஆகணும். அளவுக்கு மீறி அலுத்துப்போன பிள்ளைக்குத் தூக்கம் லேசுல பிடிக்காது. நீ பார்த்த 6 மணி அழுகை அதுதான். காதை இழுக்கறதோட காய்ச்சலோ சளியோ இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட காட்டு.

கேக்காத ரெண்டு விஷயத்தையும் சொல்லிடறேன். எட்டு மாசத்துப் பிள்ளை தூளில எழுந்து உக்காரப் பார்க்கும், தலைகுப்புற விழும். கழுத்தும் அதுல மடங்கிக்கும். தரைல கெட்டியான விரிப்புல மல்லாக்கப் படுக்க வை, தலகாணி வேண்டாம். அப்புறம் தறிச் சத்தம். பக்கத்துல நிக்கிறவங்ககிட்டயே கத்திப் பேச வேண்டிய சத்தம் பிஞ்சுக் காதுக்கு ஆகாது சாமி. பழகிடுச்சுன்னு விடாதே. முன் ரூமுக்கு மாத்து, கதவைச் சாத்து.

ஏற்காட்டு மிளகுக்கொடி:

நான் ஒரு தப்புப் பண்ணினேன், நீங்க பண்ணிடாதீங்க. ரெண்டு தூக்கம் நல்லாப் பழகின பையனுக்குப் பதினோரு மாசத்துலயே ஒண்ணாக்கினேன். காப்பிப் பழம் பறிக்கிற சீசன், எனக்கு வேலை. மதியச் சோத்தை வாயில வெச்சுக்கிட்டே தலை சாய்ஞ்சிடுவான். திரும்ப ரெண்டாக்கி, ஒண்ணேகால் வயசுலதான் ஒண்ணாச்சு.

அப்புறம், பிள்ளையோட சாயங்கால பஸ் ஏறாதீங்க. ஒருநாள் சேலத்துல இருந்து ஏற்காடு திரும்ப 4 மணிக்கு ஏறினோம். 20 கொண்டை ஊசி வளைவும் மடியிலயே தூங்கிட்டு வந்தான். வெளிய குளிரு, நடுராத்திரி வரைக்கும் அவனுக்கு விளையாட்டு. இப்பல்லாம் மதியத் தூக்கத்தையே பஸ்ல வெச்சுக்கறேன்.

தறிவீட்டு அம்மா, அம்மாப்பேட்டை:

பதினாறு நாள் ஆச்சு, சொல்ல வந்தேன். இப்போ 9க்கு ஒண்ணு, 1.30க்கு ஒண்ணு. முதல் வாரம் நாலு நாள் சாயங்காலம் இருபது நிமிஷம் தேவைப்பட்டுச்சு, இந்த வாரம் ஒரே ஒரு நாள்தான். அத்தை விளக்கு வைக்கும்போது முழிச்சிருக்கா, சுடரையே பார்த்துக்கிட்டு. 7 மணிக்குப் படுத்துடறா. ராத்திரி ஒரு தடவை பாலுக்கு எழுந்திரிக்கிறா, அது பரவால்ல.

நர்சம்மா, தூளியைக் கழட்டிட்டேன். முன் ரூம்ல பாய் மேல மெத்தை, கதவு சாத்தி. முந்தாநாள் 2 மணிக்குக் கரண்ட் போச்சு. ஓடிப்போய்ப் பார்த்தேன், ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்கிக்கிட்டே இருந்தா.

ஞாயித்துக்கிழமைதான் இன்னும் பிடிபடல. தறிக்கு லீவு, காலைல 8 வரைக்கும் தூங்கிடறா, அன்னிக்குக் கணக்கே மாறுது. இந்த வாரம் 6.30க்கே ஜன்னலைத் திறந்து வெச்சுப் பார்க்கறேன்.