சைலன்சர் சத்தம், சேறு, துரு: தமிழ்நாடு-கேரளா எல்லைப்பக்கத்து ஆளுங்க உங்க கதையைச் சொல்லுங்க

புளியரைக்காத்து, செங்கோட்டை:

முதல்ல என் கதை. வேலை புனலூர்ல ஒரு ஜவுளிக்கடையில. போக வர நூறு கிலோமீட்டர் பக்கம், வருசம் முழுக்க ஆரியங்காவு மலைப்பாதைதான். வண்டி 2014 மாடல் புல்லட் கிளாசிக் 350. வாங்குன ரெண்டாம் மாசமே கம்பெனி சைலன்சரைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டு ஒரு குட்டைச் சைலன்சர் மாட்டுனேன். உள்ள ஒண்ணுமே கிடையாது. ஒரு முனையில கண்ணை வச்சா மறு முனையில வெளிச்சம் தெரியும். அது அப்ப பெருமை.

ராத்திரி கடை அடைச்சுக் கிளம்புனா பத்தேகாலுக்குக் கழுதுருட்டி. பதிமூணு கண் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால ஒரு சாயாக்கடை. கீழ வளைவுல நான் திரும்பும்போதே சத்தம் கேட்டு சேட்டன் பாலை அடுப்புல ஏத்திருவாரு. நான் ஸ்டாண்டு போடவும் அவர் சாயா ஆத்தவும் சரியா இருக்கும். இப்படியே ஏழு வருசம்.

ஒரு ஞாயித்துக்கிழமை பகல்ல அதே கடைக்குப் போனேன். பெஞ்சுல ஒரு அக்கா உக்காந்திருந்தாவ. தாத்தா காலத்துலயே தென்காசிப் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம், ரப்பர் வெட்டு. சேட்டன் என்னைக் காட்டி, "இதாக்கும் அந்தப் பத்தேகால் வண்டி"ன்னாரு. எனக்கு அப்படி ஒரு பேரு இருக்குறதே அன்னைக்குத்தான் தெரியும்.

அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "நீதானா மோனே அது? நாங்க ரெண்டரைக்கு எந்திரிச்சு நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு வெட்டப் போவணும். வெயில் ஏறிட்டா பால் ஓடாதுல்லா. அதனால எட்டரைக்குப் படுப்பேன். பத்தேகாலுக்கு நீ வருவ. நீ போனதும் நாயெல்லாம் குரைக்கும். அது அடங்க அரைமணி. திட்டலப்பா, விவரம் சொல்லுதேன்"னாவ.

அவங்க சொன்ன மறுநாளே மாத்திட்டேன்னு எழுத ஆசைதான். மாத்தல. மூணு வாரம் கழிச்சு ஆரியங்காவு தாண்டி ஒரு சோதனையில நிறுத்துனாங்க. "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணு"ன்னாரு ஆபீசர். பண்ணுனேன். "போதும், ஆஃப் பண்ணு"ன்னு 5000 எழுதிட்டாரு. ஒரு வார்த்தை அதிகமா பேசல. தப்பு என் மேலதான், அவரைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. வீட்டுக்கு வந்து பரண் ஏறினேன்.

கம்பெனி சைலன்சருக்குள்ள குளவி மண்கூடு கட்டி வச்சிருந்துச்சு. கம்பி விட்டுக் குத்தி எடுத்து, தட்டி, கவுத்துப் போட்டு ஒரு நாள் காயவச்சு மாட்டுனேன். ஊருக்குள்ள வண்டி பூனை மாதிரி போச்சு. ஆனா கோட்டைவாசல்லேர்ந்து புளியரை எஸ் வளைவு இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டா பட் பட் பட்டுன்னு வெடி. தீபாவளி கெட்டுது.

நம்ம ஊர் மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட கொண்டு போனேன். வண்டியைத் தொடவே இல்ல. "முதல்ல கழுவிட்டு வால. இந்தச் சேத்துக்குள்ள நான் எதைப் பாக்க?"ன்னாரு. மூஞ்சி தொங்கிப் போச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு மணிநேரம் தேச்சேன். அப்புறம் குற்றாலம் வரை ஓட்டிட்டு, திரும்ப அவர்கிட்ட போனேன். இஞ்சின் தலையில பெண்டு பைப்பு, அதான் சைலன்சருக்குப் போற வளைஞ்ச குழாய், சேருற இடத்துல, கழுவி வெள்ளையா இருந்த உலோகத்து மேல மை தடவுன மாதிரி ஒரு கருப்புக் கோடு. "பாத்தியா, அங்கதான் ஊதுது."

அங்க சந்தை அடைக்க ஒரு கேஸ்கெட் வளையம் உண்டு. கழட்டி மாட்டும்போது பழசையே போட்டிருந்தேன். அது ஒரு தடவை நசுங்குனா நசுங்குனதுதான், திரும்ப அடைக்காது. இறக்கத்துல ஆக்சிலேட்டரை மூடுனா எரியாத பெட்ரோல் கொஞ்சம் சைலன்சருக்குள்ள போகுமாம். இந்தச் சந்து வழியா வெளிக்காத்தும் உள்ள போனா, ரெண்டும் சேந்து அந்தச் சூட்டுல பத்திக்கும். அதான் வெடி. புது வளையம் போட்டு ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி ஒண்ணுபோல முறுக்குனாரு. பின்னால கிளாம்பையும் இறுக்குனாரு. சாமான் நூறு ரூபாய்க்குள்ள. வெடி நின்னுச்சு.

என் வண்டி சத்தத்துல பாதி நான் ஆசைப்பட்டு வாங்குனது. மீதிப் பாதி சேத்துக்கு அடியில ஒளிஞ்சு கிடந்திருக்கு, கழுவாததால தெரியல. உங்க கதையும் எழுதுங்க.

களியக்காவிளை மக்கா:

அண்ணே, 5000-த்தோட விட்டதுக்குச் சந்தோசப்படுங்க. அது மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவு, வண்டியை மாத்துனதுக்கு, ஒரு மாத்தத்துக்கு 5000. சத்தத்துக்குன்னு 190(2) தனியா இருக்கு. அதுல 10,000 வரை போவலாம், மூணு மாசம் லைசென்ஸும் போவும். தமிழ்நாட்டுல பிடிச்சாலும் அதே சட்டம்தான். நம்ம பயலுவ "எல்லை தாண்டுனாத்தான் பிரச்சினை"ன்னு நெனச்சிட்டு இருக்கானுவ. 2022 பிப்ரவரியில கேரளாவுல சைலன்சருக்குன்னே தனியா சோதனை ஓடிச்சு, அப்ப பாறசாலைப் பக்கம் போறதுக்கே எங்க ஆளுவ வண்டியை மாத்தி எடுத்துட்டுப் போனானுவ.

பிறகு நம்ம பயலுவ அடிக்கடி கேக்குறது, எத்தனை டெசிபல் வரை விடலாம்னு. கம்பெனி வண்டியை வெளிய விடும்போது உள்ள அளவு, 80 சிசிக்கு மேல 175 வரை 77 டெசிபல், 175-க்கு மேல 80. போன்ல ஆப்பு வச்சு சைலன்சர் பக்கத்துல பிடிச்சு அளந்துட்டு "எனக்கு 95 காட்டுது, அப்ப தப்பா?"ன்னு கேட்டா பதில் கிடையாது. அந்தக் கம்பெனி அளவுக்கு அளக்குறது வண்டி ஓடிப் போகும்போது, குறிப்பிட்ட தூரத்துல மைக்கு வச்சு.

என் கதை வேற. 200 சிசி வண்டியில வெளிச் சைலன்சர், அதாவது கம்பெனியோடது இல்லாம கடையில வாங்குனது, போட்டிருந்தேன். வாங்கும்போது கம்பீரமா, கட்டையா இருந்த சத்தம், ஒரு வருசத்துல தகரத்துல அடிக்குற மாதிரி ஆயிட்டு. உள்ள ஓட்டை போட்ட குழாயைச் சுத்தி கிளாஸ் வுல்னு கண்ணாடி இழைப் பஞ்சு இருக்கும், சத்தத்தைக் குடிக்குறது அதுதான். சூட்டுல எரிஞ்சு பொடிஞ்சு பின்னால பறந்து போயிரும். எனக்கு அது தெரியாது. அம்மா பாத்திரம் தேய்க்குற கம்பி நாரு ரெண்டு எடுத்து வால் வழியா திணிச்சேன். சத்தம் குறைஞ்சிட்டு கேட்டியளா! ரெண்டு நாள் ராஜா மாதிரி திரிஞ்சேன். மூணாம் நாள் குழித்துறைப் பாலத்துல ஒரு முறுக்கு முறுக்குனேன், ஒண்ணு சிவப்பா கனிஞ்சு பின்னால வந்த ஆட்டோ முன்னாடி போய் விழுந்துட்டு. ஆட்டோ அண்ணன் பேசுனதை இங்க எழுத முடியாது. இன்னொண்ணு உள்ளயே கோணிக்கிட்டு புகையை அடைச்சு, வண்டி ஏத்தத்துல இழுக்கவே இல்ல.

பிறகு முறைப்படி செஞ்சேன். ரிவெட்டைத் துளைச்சு எடுத்து, மூடியைக் கழட்டி, பழைய கரியைச் சுரண்டி, புது கிளாஸ் வுல்லைச் சுத்துனேன். கையுறை, மாஸ்க் இல்லாம அதைத் தொடாதீங்க, ரெண்டு நாள் சொறிஞ்சிட்டே இருப்பீங்க. ரொம்ப நெருக்கித் திணிச்சாலும் வேலை செய்யாது. வாலுல டிபி கில்லர்ன்னு சத்தத்தைக் குறைக்குற ஒரு சின்னக் குழல், ஒரு ஆலன் ஸ்க்ரூவுல நிக்கும். கடைக்காரனே அதைக் கழட்டிக் கையில தருவான், "இது வேண்டாம் தம்பி"ன்னு. வேணும். அதை வீட்டு அலமாரியில தேடி எடுத்துப் போட்டேன், நல்ல வித்தியாசம். ஆனா ஒண்ணு, இவ்வளவு செஞ்சாலும் சோதனையில அது வெளிச் சைலன்சர்தான். கடைசியில வித்துட்டேன்.

ஆர்எக்ஸ் பைத்தியம், மீனாட்சிபுரம்:

வணக்கமுங்க. பாலக்காட்டு எல்லை. நம்முளுது யமஹா ஆர்எக்ஸ் 100, சித்தப்பா ஓட்டுனது, அப்பறம் எனக்கு வந்துச்சு. 1996-லயே கம்பெனி நிறுத்திட்டாங்க, அதனால குழந்தை மாதிரி பாத்துக்குவேன். ஆனா காலேஜ் படிக்கும்போது சைலன்சர் வாலுல இருக்குற உள்குழலை உருவி எடுத்துட்டு ஓட்டுனவன்தானுங்க நானும். ஒரே ஒரு ஸ்க்ரூ, அஞ்சு நிமிச வேலை.

பொள்ளாச்சிப் பக்கம் எங்க பெரியப்பாரு தவறிப் போயிட்டாருங்க. தகவல் வந்ததும் அந்த வண்டியிலதான் போனேன். எழவு வீட்டுச் சந்துக்குள்ள திரும்புறேன், உள்ள பொம்பளைங்க அழுதுட்டு இருக்கற சத்தம் கேக்குது. நான் கிட்டப் போகப் போக அந்தச் சத்தம் கேக்கல. வண்டி சத்தத்துல எனக்குக் கேக்கலைன்னு நெனச்சேன். ஆஃப் பண்ணுனேனுங்க, அப்பவும் கேக்கல. அவிங்க அழுகையை நிறுத்திட்டு வாசலைப் பாத்துட்டு இருந்தாங்க. பந்தல்ல உக்காந்திருந்த அத்தனை பேரும் என்னையத்தான் பாத்தாங்க. எங்க பெரியம்மா ஒண்ணும் சொல்லலைங்க. அப்பா மட்டும் கிட்ட வந்து, "போறப்போ மெயின்ரோடு வரைக்கும் தள்ளிட்டுப் போ"ன்னாரு. தள்ளிட்டுத்தான் போனேன்.

உள்குழலைத் தேடுனா அது முழுக்க கரி பிடிச்சு அடுப்பு ஊதுகுழல் மாதிரி கெடந்துச்சு. பெட்ரோலோட சேக்குற டூ டி ஆயிலை அளவு தாண்டி ஊத்துனா அப்படித்தான் ஆகுமுங்க. மண்ணெண்ணெயில ராத்திரி ஊற வெச்சு, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, காய வெச்சு மாட்டுனேன். சத்தம் அடங்குச்சு, அதோட வண்டி கீழ நல்லா இழுக்க ஆரம்பிச்சுச்சு. டூ ஸ்ட்ரோக்குல சைலன்சர் வயிறு பெருத்து வால் சிறுத்து இருக்கறது சும்மா இல்லைங்க. போன புகை ஒரு அலையா திரும்பி வந்து, கூடவே தப்பிச்ச புதுப் பெட்ரோலை சிலிண்டருக்குள்ள தள்ளுது. வாலைத் தொறந்து விட்டுட்டு "பவர் ஏறிடுச்சு"ன்னு நாங்க பேசுனது பூராவும் காதுக்குத்தான்.

தென்னைமரத்தடி:

அந்தப் பந்தல் காட்சி கண்ணுல நிக்குது. சொல்ல வேற ஒண்ணுமில்ல.

நீரோடிக் கடலோரம்:

எனக்குச் சேறு இல்ல, உப்பு. வீட்டுத் திண்ணையிலேர்ந்து கடல் தெரியும். 125 சிசி வண்டி, மூணாவது வருசமே சைலன்சர் அடிவயிறு ஓட்டையாகி டிராக்டர் மாதிரி சத்தம். முதல்ல ரெண்டு கலர் பிசைஞ்சு ஒட்டுவாங்களே, அந்தப் பசையைப் போட்டேன். களியக்காவிளை போய்ச் சேருறதுக்குள்ள கருகி விழுந்துட்டு. அப்புறம் கேஸ் வெல்டிங். பக்கத்துலயே அடுத்த ஓட்டை.

வெல்டிங் வச்ச அண்ணன் ஒண்ணு கேட்டாரு: "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவ?" ரெண்டு கிலோமீட்டர், சர்ச், கடை, வீடு. அதுதான் காரணம்னாரு. பெட்ரோல் எரிஞ்சா தண்ணியும் ஆவியா வரும். சைலன்சர் நல்லாச் சூடாகுறதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டா அது உள்ளயே குளிர்ந்து தேங்கும். வெளிய உப்பு, உள்ள தண்ணி, நடுவுல தகடு என்ன செய்யும்? அடியில ஒரு சின்ன ஓட்டை கம்பெனியே விட்டிருப்பான், தண்ணி வடியுறதுக்கு. நான் அதை சத்தம் வர்ற ஓட்டைன்னு நெனச்சு முதல் வருசமே அடைச்சு வச்சிருந்தேன்! இப்ப புதுசு போட்டாச்சு. வாரம் ஒருக்கா நல்ல தண்ணியில அடிப்பக்கத்தைக் கழுவுறேன், ஞாயிறு பூசை முடிஞ்சு மார்த்தாண்டம் வரை ஒரு ஓட்டம் விடுறேன். வீட்டுல "ஊர் சுத்தப் போறான்"னு பேரு.

தென்னைமரத்தடி:

கழுவும்போது சைலன்சருக்குள்ள தண்ணி போயிட்டா என்ன செய்ய? புளியரைக்காத்து அண்ணே, நீங்க எப்படிக் கழுவுவீங்க?

புளியரைக்காத்து, செங்கோட்டை:

கொஞ்சம் போனா பயப்படாதீங்க, ஸ்டார்ட் பண்ணி பத்து கிலோமீட்டர் ஓட்டுனா ஆவியாப் போயிரும். நான் வால்ல ஒரு பழைய பால் கவரைச் சுத்தி ரப்பர் வளையம் போட்டுருவேன். எடுக்க மறந்துராதீங்க. நான் ஒருக்கா மறந்து, பிளாஸ்டிக் உருகிக் குரோம்ல ஒட்டி, அதைச் சுரண்ட ஒரு சாயங்காலம் போச்சு.

வந்தவுடனே கொதிக்கிற இஞ்சின்ல தண்ணி ஊத்தக் கூடாது. கை வச்சா தாங்குற சூடு வரட்டும். முதல்ல வெறுந்தண்ணி, சேறு ஊறட்டும். ஊறாம துணியைப் போட்டுத் தேச்சா மண்ணுதான் பெயிண்டைக் கீறும். துணி தோய்க்குற பவுடர் வேண்டாம், பளபளப்பைத் தின்னுரும், வண்டிக்குன்னு ஷாம்பு இருக்கு. தேங்காய் நாரும் வேண்டாம், என் டேங்குல அதோட ஆட்டோகிராப் இன்னும் இருக்கு. சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணியைச் சக்கர பேரிங்கிலயும் செயின்லயும் நேரா அடிக்க விடாதீங்க, கிரீஸ் வெளிய போயி தண்ணி உள்ள போயிரும். செயினை மண்ணெண்ணெய் தொட்ட துணியில துடைச்சு, காய்ஞ்சதும் 90 கியர் ஆயில் லேசா. சாரல் காலத்துல ஐநூறு கிலோமீட்டர் வரைக்கும் காத்திருக்க மாட்டேன். குரோம்ல துரு புள்ளி வந்தா அலுமினியத் தாளைக் கசக்கி தண்ணி தொட்டு மெதுவா தேய்ங்க, போகும். சைலன்சர்ல நீலம் பாஞ்சிருந்தா அது சூட்டு நிறம், துரு இல்ல, அதோட மல்லுக்கட்டாதீங்க.

கழுவி முடிச்சதும் ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து, ஆறவச்சு, எங்க கருப்புக் கோடு விழுந்திருக்குன்னு பாருங்க. அதுக்குத்தான் நான் இப்பக் கழுவுறதே.

கேஸ்கெட் போட்ட மறுநாள் ராத்திரி கழுதுருட்டிக் கடையில போய் நின்னேன். சேட்டன் முதுகைக் காட்டிக்கிட்டு பாத்திரம் கழுவிட்டு இருந்தாரு. "சேட்டா, சாயா"ன்னதும் திடுக்குன்னு திரும்புனாரு. "நீ எப்ப வந்தே? ஒச்சை கேட்டாத்தானே நான் பாலை வைப்பேன்? கேக்காததுனால பால் பாத்திரத்தைக் கழுவிட்டேனே!" அதுலேர்ந்து எனக்குப் பாலில்லாத கட்டஞ்சாயாதான். முன்கூட்டியே போன் பண்ணச் சொல்றாரு. அந்த வளைவுல டவர் கிடைக்காது.