பூல் ஆடும் க்யூ கோலின் முனையிலுள்ள தோலான டிப் மென்மையாக இருந்தால் மிஸ்க்யூ (பந்தின்மேல் டிப் வழுக்கி அடி பிசகுவது) ஆகாதா?

ஓரவீச்சு:
"மென்மையான டிப் வெள்ளைப் பந்தின்மேல் அதிக நேரம் ஒட்டியிருப்பதால் மிஸ்க்யூ ஆவதில்லை, கடினமான டிப் வாங்குகிறவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகளாகக் கடினமான டிப்பில்தான் ஆடுகிறேன். பந்தின் ஓரத்தில் தொட்டு ஸ்பின் கொடுக்கும்போதும் என் டிப் வழுக்குவதில்லை. எந்த அனுபவத்தை வைத்து அவர் இப்படி எழுதினார்?

நீலச்சதுரம்:
எழுதியவன் நான்தான், மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. மென்மையான தோல் அடி விழும்போது அமுங்கிப் பந்தின் வளைவோடு படிந்துகொள்கிறது. அதனால் தொடும் நேரம் கூடுகிறது, நேரம் கூடினால் பிடிப்பும் கூடுகிறது. எல்க் மாஸ்டர் என்ற மென்மையான டிப்பை ஒட்டிய நாளிலிருந்து, வெள்ளைப் பந்தைப் பின்னுக்கு இழுக்கும் என் ட்ரா அடிகள் பிசகுவதே இல்லை.

பழையகோல்:
தம்பி நீலச்சதுரம், நீங்கள் பெரிதாகப் பேசும் அந்த 'நேரம்' எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? தோல் டிப் பந்தைத் தொட்டிருப்பது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி. மென்மையான தோலில் அது சற்றுக் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வழுக்குவதும் வழுக்காததும் உராய்வையும், எந்தக் கோணத்தில் தொடுகிறோம் என்பதையும் பொறுத்தவையேயன்றி, நேரத்தைப் பொறுத்தவை அல்ல. பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ.; மையத்திலிருந்து ஏறத்தாழ 14 மி.மீ. தொலைவு, அதாவது ஆரத்தில் பாதி வரைக்கும் நன்றாகச் சாக் (வழுக்காமலிருக்க டிப்பில் தடவும் பொடிக்கட்டி) தடவிய தோல் பிடிக்கும். அதைத் தாண்டித் தொட்டால் எந்த டிப்பானாலும் வழுக்கிவிடும்.

நீலச்சதுரம்:
தொடும் நேரம் கூடும் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அதைத்தானே நானும் சொன்னேன்?

ஒன்பதாம்பந்து:
இருவரும் முதலில் எதை மென்மை என்கிறீர்கள் என்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும். ஒரு நிறுவனம் 'மீடியம்' என்று விற்பது இன்னொரு நிறுவனத்தின் 'ஹார்ட்' அளவுக்கு இறுகியிருக்கிறது. அடித்து அடித்துத் தோல் இறுகிய பின்னர் 'சாஃப்ட்' என்ற பெயருக்கு என்ன பொருள்?

பழையகோல்:
அது பிறகு. ஒப்புக்கொண்டேன் என்று என் வாயில் சொல்லைத் திணிக்க வேண்டாம். பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் மன்றத்தின் க்யூக்களுக்கெல்லாம் டிப் மாற்றுகிறவன் நான். மிஸ்க்யூ ஆகிறது என்று என்னிடம் வந்த கோல்களில் பெரும்பாலானவற்றில் மூன்று குறைகளுள் ஒன்று இருந்தது: டிப் தேய்ந்து தட்டையாகிப் போயிருந்தது, அல்லது மேற்பரப்பு மெருகேறிக் கண்ணாடிபோல் ஆகியிருந்தது, அல்லது சாக் நடுவில் மட்டும் அப்பியிருந்தது. மையத்தை விட்டு விலகி அடிக்கும்போது பந்தைத் தொடுவது டிப்பின் உச்சி அன்று. உச்சியிலிருந்து நாலைந்து மி.மீ. தள்ளியிருக்கும் தோள்பட்டைதான். அங்கே சாக் இல்லையென்றால் எல்க் மாஸ்டராலும் உங்களைக் காப்பாற்ற முடியாது. சாக்கைத் துளை விழும்படி திருகாமல், வண்ணம் பூசுவதுபோல் விளிம்பு வரைக்கும் தடவக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஓரவீச்சு:
பழையகோல் ஐயா சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். டிப்பின் வளைவு டைம் நாணயத்தின் அளவுக்கு இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கறுப்புக்கோல்:
டைம் என்பது அமெரிக்க நாணயம், அண்ணா. மதுரையில் அதை எந்தக் கடையில் கேட்டு வாங்குவது? 17.9 மி.மீ. விட்டமுள்ள அதற்குப் பக்கத்தில் வருவது 2011 வரிசையில் வந்த நம் ஐம்பது காசு. அதன் விட்டம் 19 மி.மீ. டிப் வளைவுக்கு அவர்கள் சொல்லும் இன்னொரு அளவான 21.2 மி.மீ. நிக்கல் நாணயத்துக்கு அதே வரிசையின் ஒரு ரூபாய் ஏறக்குறைய பொருந்தும். நான் ஒரு ரூபாயை வைத்துத்தான் உப்புத்தாளால் தேய்க்கிறேன்.

ஓரவீச்சு:
ஒரு ரூபாய் வளைவு மிகத் தட்டை. ஸ்பின் ஆடுகிறவர்களுக்கு அது உதவாது.

கறுப்புக்கோல்:
சென்ற ஆண்டு மன்றப் போட்டியில் ஒரு ரூபாய் வளைவுள்ள என் க்யூவிடம்தானே நீங்கள் தோற்றீர்கள்? அன்று அது தட்டையாகத் தெரியவில்லையா?

உதகைமேசை:
ஸ்நூக்கர் ஆடுகிறவர்கள் ஒன்பது, பத்து மி.மீ. டிப்பை வைத்துக்கொண்டே 52.5 மி.மீ. பந்தில் வேண்டிய ஸ்பின்னை எல்லாம் எடுக்கிறார்கள். எங்கள் உதகை கிளப்பில் 1882இல் ஸ்நூக்கர் விதிகளை எழுதி வைத்த காலத்தில், பல தோல்களை ஒட்டிச் செய்யும் இந்த அடுக்கு டிப்புகள் ஏது? அந்த ஆட்டக்காரர்களுக்கு ஒற்றைத் தோலே போதுமானதாக இருந்தது.

பழையகோல்:
ஊர்ப் பெருமையை மதிக்கிறேன். ஆனால் பதின்மூன்று மி.மீ. பூல் டிப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் அதற்கு என்ன வேலை? வரலாறு வேண்டுமென்றால் நானும் சொல்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரான மிங்கோ கோல்முனையில் தோலை வைத்தார். 1897இல் ஸ்பிங்க்ஸ், ஹாஸ்கின்ஸ் என்ற இருவர் சிலிக்காவும் குருந்தப் பொடியும் போன்ற உராய்பொருள்களைக் கொண்ட இன்றைய சாக்குக்குக் காப்புரிமை பெற்றார்கள். தோலே போதுமென்றால் அந்த இரண்டாவது வேலை எதற்குத் தேவைப்பட்டது? பிடிப்பது சாக், அதைத் தாங்கிக்கொள்வதே தோலின் கடமை.

நீலச்சதுரம்:
தாங்கிக்கொள்வதிலும் மென்மையான தோல்தான் முந்தி நிற்கிறது. நீங்கள் ஃபீனாலிக் என்ற மிகக் கடினமான டிப் போட்ட பிரேக் க்யூவை (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடிக்கான கோலை) எடுத்து ஓரத்தில் ஸ்பின் கொடுத்துக் காட்டுங்கள். பந்து எங்கே பறக்கிறது என்று பார்ப்போம். கடினம் என்றால் வழுக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? தொடும் நேரம் அங்கே இன்னும் குறைவு.

பழையகோல்:
ஃபீனாலிக் தோலே அன்று, அது பிசின். அதில் சாக் நிற்காததால் வழுக்குகிறது, நேரம் குறைந்ததால் அன்று. பன்றித் தோலை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யும் ஜப்பானிய கமுயியில் கடினமான வகையை வாங்கி, வளைவைச் சரிசெய்து, மேற்பரப்பை இலேசாகச் சொரசொரப்பாக்கி ஆடிப் பாருங்கள். உங்கள் மென்மையான டிப்போ சில வாரங்களில் காளான்போல் பிதுங்கி, டிப்புக்குக் கீழே கோல்முனையிலுள்ள வளையமான ஃபெரூலைத் தாண்டி நிற்கும்.

நீலச்சதுரம்:
சென்ற மாதம் நீங்கள் சொன்ன பசையை நம்பி ஒட்டிய டிப் ஆட்டத்தின் நடுவில் கழன்று விழுந்ததை நான் மறக்கவில்லை. விலை உயர்ந்த டிப் வாங்கச் சொல்லும் அறிவுரையை உங்களிடமிருந்து இனி நான் ஏற்பதாக இல்லை.

பழையகோல்:
ஃபெரூலின் மேலிருந்த பழைய பசையைச் சுரண்டி எடுக்காமல் ஒட்டியது உங்கள் கை. பழி என் தலையிலா? சரி, ஒரு சோதனை சொல்கிறேன். வெள்ளைப் பந்துக்குப் பதிலாகக் கோடு போட்ட பந்து ஒன்றை, கோடு செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். பெரும்பாலான பந்துகளில் கோட்டின் விளிம்பு ஏறக்குறைய அந்தப் பாதி ஆரத்தில்தான் வரும். அடித்தபின் சாக் பட்ட தடத்தைப் பாருங்கள். கோட்டுக்குள் நிற்கும் அடியை என் கடினமான டிப்பும் பிடிக்கும், கோட்டைத் தாண்டிய அடியை உங்கள் மென்மையான டிப்பும் விட்டுவிடும். ஞாயிறு காலை வருகிறீர்களா?

நீலச்சதுரம்:
உங்கள் மேசையில், உங்கள் சாக்கை வைத்து, உங்கள் கண்ணால் பார்த்துச் சொல்லும் சோதனைக்கு நான் வரத் தேவையில்லை. தொடும் நேரம் கூடும் என்பது உண்மையா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பழையகோல்:
ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி, தம்பி. ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஒன்பதாம்பந்து:
எதை மென்மை என்கிறீர்கள் என்று நான் கேட்டிருந்தேன்.

நீலச்சதுரம்:
கூடுமா, கூடாதா?